சம்பளமில்லா பத்து மாதங்கள்

வானொலியில் நானேதான் அந்தச் செய்தியைச் சொன்னேன். 2024-ஆம் ஆண்டுக்கான இபிஎஃப் லாப ஈவு 6.30 விழுக்காடு! நேயர்கள் வாட்ஸ்அப்பில் குஷியாகக் குரல்பதிவு அனுப்பினார்கள். நானும் குஷியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இரவு சாப்பிட்டு முடித்ததும் நானும் கணவரும் ஆளுக்கொரு கைப்பேசியில் கணக்கைத் திறந்தோம். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், அவர் கணக்கில் என்னுடையதைவிட 12 ஆயிரம் ரிங்கிட் அதிகம்.

“நீ ஏதாவது பணம் எடுத்தியா?” என்று கேட்டார்.

“ஒரு காசுகூட எடுக்கலைங்க.”

மாதவாரியாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2019-இல் ஆறு மாதங்கள், 2023-இல் நான்கு மாதங்கள் என் கணக்கில் சந்தாவே விழவில்லை. முதலாவது, மகன் பிறந்தபோது எடுத்த விடுப்பு. இரண்டாவது, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது எடுத்தது.

மகப்பேறு விடுப்பால் சந்தா நிற்காது. அந்த விடுப்புக்குத் தரும் சம்பளத்துக்கும் முதலாளி இபிஎஃப் கட்ட வேண்டும். சம்பளத்தோடு எடுக்கும் ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்புக்கும் அப்படித்தான். தனியார் துறையில் என் காலத்தில் மகப்பேறு விடுப்பு 60 நாள். 2023 ஜனவரி முதல் அது 98 நாள். அதற்குப் பிறகு நாம் கேட்டு வாங்கும் சம்பளமில்லா விடுப்பில்தான் சிக்கல். சம்பளம் இல்லை என்றால் நம்முடைய 11 விழுக்காடும் இல்லை, முதலாளியின் பங்கும் இல்லை.

மாதம் 4,000 ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கு 440, முதலாளியின் 13 விழுக்காடு 520. ஆக, மாதம் 960 ரிங்கிட். ஆறு மாதத்துக்கு 5,760. ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று கணக்குப் போட்டால்கூட, 25 ஆண்டில் அது ஏறக்குறைய 19,500 ரிங்கிட் ஆகியிருக்கும்.

அந்த விடுப்பை எடுக்கும்முன் நானும் கணவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். வீட்டுக் கடன், கார் கடன், பால் மாவு, டயாப்பர் எல்லாம் எழுதினோம். என் இபிஎஃப் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் மறைக்கவில்லை. எனக்கே தோன்றவில்லை. அப்பாவுக்காக விடுப்பு எடுத்தபோதும் அப்படித்தான். அண்ணன் மருந்துச் செலவைப் பார்த்துக்கொண்டார். என் சம்பளம் நின்றதை யாரும் செலவாக நினைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். “பெத்த பிள்ளைக்கும் அப்பாவுக்கும் செஞ்சதுக்கெல்லாம் கணக்கு பார்ப்பியாம்மா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “நானும் அண்ணன் பிறந்ததும் ஃபேக்டரி வேலையை விட்டவதானே. இன்னிக்கு மூட்டு வலித் தைலம் வாங்கணும்னாலும் அவன்கிட்டதான் கேட்கிறேன்” என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

மகனுக்கும் அப்பாவுக்கும் செய்ததை நான் யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால், குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவின் விலையை ஒருவரின் முதுமை மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

இப்போது எங்கள் வீட்டில் சில மாற்றங்கள். கணவர் ஐ-சாயாங் திட்டத்தில் பதிந்துவிட்டார். அவருடைய 11 விழுக்காட்டுச் சந்தாவில் 2 விழுக்காடு என் கணக்குக்கு வருகிறது. அவர் சம்பளம் 5,000 என்றால் எனக்கு மாதம் 100 ரிங்கிட். நானும் சுயமாக மாதம் 150 ரிங்கிட் போடுகிறேன். அண்ணனிடமும் பேசினேன். அடுத்த முறை அப்பாவுக்காக நான் விடுப்பு எடுத்தால், அந்த மாதங்களின் சந்தாவில் பாதியை அவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தயங்கித்தான் கேட்டேன். “இதை ஏன் அப்பவே சொல்லலை?” என்றார்.

வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கேட்டரிங், டியூஷன் என்று சொந்தமாகச் செய்பவர்களுக்கு ஐ-சாரான் இருக்கிறது. 60 வயதுக்குட்பட்டவர்கள் தாங்களே போடும் சந்தாவுக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் வரை.

இந்த வாரம் உங்கள் கணக்கையும் திறந்து மாதவாரியாகப் பாருங்கள். சந்தா விழாத மாதங்கள் இருந்தால், அப்போது யாருக்காக வீட்டில் இருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு, அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.