நெடுஞ்சாலை ஓட்டலில் கொய்யா விற்கலாமா?

“திண்டுக்கல் – பழனி சாலையில், எங்கள் தோட்டத்துக்கு 2 கிலோமீட்டர் தள்ளிப் புதிதாக ஒரு பெரிய ஓட்டல் திறந்திருக்கிறார்கள். ‘வாசலில் ஓர் அலமாரி தருகிறேன், கொய்யாவைக் கொண்டுவந்து வையுங்கள், விற்றதில் 25 சதவிகிதம் கொடுத்தால் போதும்’ என்கிறார் உரிமையாளர். ஒன்றே கால் ஏக்கர் லக்னோ-49 இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் இந்தக் காய்ப்பை நம்பித்தான். கமிஷன் மண்டியை விட்டுவிட்டு முழுவதையும் ஓட்டலுக்கே கொடுத்துவிடலாம் என்கிறான் மகன். வேண்டவே வேண்டாம் என்கிறார் மனைவி. என்ன செய்வது?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

அலமாரியை வாங்கிக்கொள்ளலாம். மண்டியை விடக் கூடாது. பறிப்பில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஓட்டலுக்கு அனுப்பி, அது என்ன ஆகிறது என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. வீட்டில் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மனைவி சொல்வதில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

முதலில் அந்த ஓட்டலுக்கு வருகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். மண்டிக்கு வரும் வியாபாரிக்குக் கொய்யா வாங்குவதுதான் வேலை. ஓட்டலுக்கு வருகிறவர் கொய்யா வாங்க வரவில்லை. பேருந்திலோ காரிலோ மணிக்கணக்கில் உட்கார்ந்து வந்தவர் முதலில் தேடுவது கழிப்பறையை. அடுத்தது காபியோ சாப்பாடோ. பிறகு கை கழுவுகிறார், கல்லாவில் பணம் கொடுக்கிறார், டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் வண்டியில் ஏறுகிறார். கை கழுவும் இடத்திலிருந்து வண்டிக்குத் திரும்பும் அந்தச் சில நிமிடம்தான் விவசாயிக்குக் கிடைக்கும் நேரம்.

ஆகவே வாசலில் அலமாரி வேண்டாம். உள்ளே நுழைகிறவர் பசியிலும் அவசரத்திலும் இருக்கிறார், பக்கத்தில் பழம் இருப்பதே அவர் கண்ணில் படாது. கல்லாவுக்கு அருகில், வெளியே போகும் வழியில் இடம் கேட்க வேண்டும். இரண்டடி அகலம் கிடைத்தாலும் போதும். வாசலில் ஆறடி அலமாரியைவிட அது மேல்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த ஓட்டலின் கழிப்பறையை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. சிரிக்க வேண்டாம். குடும்பத்தோடு பயணம் போகிறவர்கள் எந்த ஓட்டலில் வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் பெண்கள்தான். கழிப்பறை நாறும் ஓட்டலில் அவர்கள் ஒரு முறைக்கு மேல் இறங்க மாட்டார்கள். மறுபடி வராத கூட்டத்தை நம்பி அலமாரி வைத்து என்ன பயன்?

வழிப்பயணிகளை நம்பி வளர்ந்த தின்பண்டங்கள் நம் பக்கத்தில் உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்துவிட்டது. அந்த ஊர் வழியாகப் போய்விட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஆயக்குடி கொய்யாவுக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. பழனிக்குப் போய் வருகிறவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் கடலை மிட்டாய் வாரக்கணக்கில் இருக்கும். நிறம் திரும்பிய கொய்யா வெளியில் மூன்று நாள் தாங்கினாலே பெரிது. மிட்டாய் வியாபாரத்தைப் பார்த்து அதே மாதிரி அலமாரியை நிரப்பினால் நாலாம் நாள் நாற்றம்தான் மிஞ்சும்.

பயணி ஏன் வாங்க வேண்டும்? அவருக்கு இந்தத் தோட்டக்காரரைத் தெரியாது. நாளைக்குத் திரும்பி வந்து சண்டை போடவும் முடியாது. தெரியாத ஊரில் கட்டிவைத்த பழத்தை நம்பாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் நினைப்பார். அந்த நம்பிக்கையை அலமாரியில் எழுதி ஒட்டிய ‘தோட்டத்துப் பழம்’ என்ற அட்டை தந்துவிடாது. சாப்பாட்டு இலை தரும். சாப்பாட்டில் வாழைப்பழம் வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த இடத்தில் ஓட்டல்காரர் இரண்டு துண்டு கொய்யா வைக்கட்டும். சாம்பாரும் ரசமும் நன்றாக இருந்து, வயிறு நிறைந்த நேரத்தில் அந்தத் துண்டும் இனித்தால், கல்லா அருகில் அதே பழம் கூடையில் இருப்பதைப் பார்த்ததும் கை தானாக நீளும். வாசகர் உரிமையாளரிடம் முதலில் பேச வேண்டியது 25 சதவிகிதத்தைப் பற்றி அல்ல. ‘தினமும் 5 கிலோ சமையலறைக்கு விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா’ என்பதைத்தான். அதற்குச் சம்மதிக்கிற ஓட்டல்காரர் பழத்தைத் தன் பொருளாகப் பார்க்கிறார். சம்மதிக்காதவர் காலி இடத்துக்கு வாடகை தேடுகிறார், அவ்வளவுதான்.

பழத்துக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள்.

மண்டியில் ஒரு கூடையில் நாலு பழம் புழுவாக இருந்தால் விலையில் கொஞ்சம் குறையும், அத்தோடு போயிற்று. ஓட்டலில் அப்படி இல்லை. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் காரின் பின்சீட்டில் ஒரு குழந்தை கடித்த பழத்தில் புழு நெளிந்தால், அந்தக் குடும்பம் கொய்யாவை மட்டும் திட்டாது. சாப்பிட்ட சாப்பாட்டையும் சந்தேகப்படும். அடுத்த முறை அந்த ஓட்டலைத் தாண்டிப் போய் நிறுத்தும். ஓட்டல்காரர் காதுக்கு அது எட்டிய அன்றே அலமாரி காலியாகும். அதில் அவர் மேல் தவறும் இல்லை.

எனவே பழ ஈ கட்டுக்குள் இல்லாத தோட்டத்திலிருந்து ஓட்டலுக்குப் பழம் அனுப்பக் கூடாது. உதிர்ந்து கிடக்கும் பழங்களை அன்றன்றே பொறுக்கிக் குழியில் போட்டு ஆழமாக மூட வேண்டும். மரத்தடியில் அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, ஈயாகித் திரும்ப வரும். மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். மெத்தில் யூஜினால் பொறிகளை ஏக்கருக்கு 10 வீதம், காய் முற்றுவதற்கு முன்பே கட்ட வேண்டும். இதில் சிக்குவது ஆண் ஈக்கள் மட்டும்தான். பக்கத்துத் தோட்டக்காரரும் கட்டினால்தான் முழுப் பயன் கிடைக்கும். மழைக்காலக் காய்ப்பில் ஈ அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தப் பறிப்பை மண்டிக்கே அனுப்பிவிட்டு, ஓட்டலுக்கு அந்த வாரங்களில் ‘பழம் இல்லை’ என்று சொல்வது மரியாதை. ஓட்டலுக்கென்றே நூறு, இருநூறு காய்களுக்கு உறை மாட்டி வளர்க்கிறவர்களும் உண்டு. கூலி கூடும், ஆனால் தோலில் ஒரு புள்ளி இருக்காது.

பறிக்கும் பக்குவமும் வேறு. கரும்பச்சை வெளுத்து இளம்பச்சையாகும் நேரத்தில், காலையில், காம்போடும் ஓரிரு இலையோடும் பறிக்க வேண்டும். வாடாத இலைதான் ‘இன்று பறித்தது’ என்பதற்குச் சாட்சி. ஈரத்தோடு பையில் போட்டுக் கட்டக் கூடாது. மஞ்சளாகப் பழுத்தது இலைக்கு நறுக்கிப் போட உதவும், காரில் கொண்டுபோக உதவாது. ஒரு பையில் அரைக் கிலோவோ ஒரு கிலோவோ போதும். அவசரத்தில் இருப்பவரை எடை போட நிற்கவைத்தால் வாங்காமலே போய்விடுவார்.

இனி கணக்கு. கணக்கிட வசதியாக ஒரு விலையை வைத்துக்கொள்ளலாம். மண்டியில் செலவு போகக் கிலோவுக்கு 20 ரூபாய் கையில் நிற்கிறது என்றால் 10 கிலோவுக்கு 200 ரூபாய். ஓட்டலில் கிலோ 60 ரூபாய். 10 கிலோ கொண்டுபோய் 7 கிலோ விற்று 3 கிலோ வீணானால் வரவு 420. அதில் ஓட்டலுக்கு 105, பைக்கு 40, போய்வரும் செலவுக்கு 50 போக மிச்சம் 225 ரூபாய். தினம் ஒருவர் போய் அடுக்கிவைத்து வந்ததற்கு மண்டியைவிட 25 ரூபாய்தான் கூடுதல். அதே 10 கிலோவில் 9 கிலோ விற்றால் வரவு 540, ஓட்டல் பங்கு 135, மற்ற செலவு அதே 90, மிச்சம் 315. இரண்டு கிலோ வீணாகாமல் தப்பியதில் 90 ரூபாய் கூடிவிட்டது. 25 சதவிகிதத்தை 20 ஆக்கச் சொல்லி மணிக்கணக்கில் பேரம் பேசினாலும் 7 கிலோ விற்பனையில் மிஞ்சுவது 21 ரூபாய்தான். வீட்டுக்கார அம்மா ‘வேண்டாம்’ என்று சொன்னதற்குக் காரணம் இந்தக் கணக்காகத்தான் இருக்க வேண்டும். முழுப் பறிப்பையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் பாதி வீணாகும், பிறகு கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்றுதான்.

பேச்சு முடிந்ததும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். விற்காத பழம் யாருடையது, பணம் தினமா வாரமா, விலையை யார் வைப்பது, பில் யார் போடுவது. முக்கியமாக, பழைய பழத்தை எடுத்துவிடும் உரிமை விவசாயிக்கு இருக்க வேண்டும். ‘கிடக்கட்டும், யாராவது வாங்குவார்கள்’ என்று கல்லாக்காரர் விட்டுவைக்கும் வதங்கிய பழம்தான் அடுத்த நாள் வியாபாரத்தையும் கெடுக்கிறது. அவருக்கு அது வேண்டுமென்றே செய்வதில்லை, நூறு வேலையில் அதுவும் ஒன்று.

முழுப் பழத்தை அப்படியே விற்கும் விவசாயியை உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொந்தரவு செய்வதில்லை. புதுப் பழத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தூவி விற்றாலோ, ஜாம், ஜெல்லி செய்து பாட்டிலில் அடைத்தாலோ கதை வேறு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்க வேண்டும். பாட்டிலில் எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். நறுக்கும் வேலையை ஓட்டல் சமையலறையே செய்யட்டும், அவர்களிடம் உரிமம் இருக்கும். தராசு வைத்து எடை போட்டு விற்பதானால் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும், அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. காகிதப் பையோ சின்ன ஓலைப்பெட்டியோ போதும். ஓலைப்பெட்டியில் வைத்த கொய்யாவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கிறார்கள்.

தைப்பூசத்தை ஒட்டிப் பாதயாத்திரைக் கூட்டம் அந்தச் சாலையில் நடந்து வரும். அவர்களுக்கு ஒரு கிலோ பை சுமை. ஒன்று, இரண்டு என்று தனிப்பழமாக வைத்தால் போகும்.

“ஓட்டல்காரருக்கு ஏன் பங்கு? எங்கள் நிலமே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. நாங்களே பந்தல் போட்டு விற்றால் என்ன?”

- வாசகி, நத்தம் வட்டாரம்.

சொந்தப் பட்டா நிலத்துக்குள் போடலாம். பட்டாவுக்கும் தாருக்கும் இடையில் இருக்கும் இடம் நெடுஞ்சாலைத் துறையுடையது, அதில் கால் ஊன்றினால் எடுக்கச் சொல்வார்கள். அதைவிட முக்கியம், வேகமாக வரும் வண்டி திடீரென்று ஓரம் கட்டினால் பின்னால் வருகிறவர் மோதுவார். நான்கு கார் சாலையை விட்டு முழுவதும் இறங்கி நிற்க இடமும், பந்தல் வருவதை 200 மீட்டருக்கு முன்பே சொல்லும் பலகையும் தன் நிலத்திலேயே வைக்க முடிந்தால் தொடங்கலாம். பலகை பந்தலுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். அந்த அளவு நீள முகப்பு இல்லாதவர்கள், பக்கத்து நிலத்துக்காரரைச் சேர்த்துக்கொண்டு கொய்யாவோடு அவர் வீட்டு மாங்காயையும் புளியையும் வைத்தால் பந்தல் ஆண்டு முழுவதும் காலியாக இருக்காது.