ஆபரேஷனுக்கு முந்தின நாள்



குர்லாவில் நம் தமிழர் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் பாபா ஆஸ்பத்திரி, ராஜாவாடி, சயான் என்று ஓடுகிறோம். கேஸ் பேப்பரில் 'என்பிஎம்' என்று கிறுக்கி, "உபாஷி போட்டி யா" என்று அனுப்புகிறார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள் என்பது புரியாமலே தலையாட்டுகிறவர்கள் நம்மில் பலர். புரிந்தவர்களுக்கும் வெறும் வயிறு என்றால் சோறு, சப்பாத்தி இல்லாத வயிறுதான். கட்டிங் சாய் கணக்கில் வராது.

மயக்க மருந்து டாக்டருக்குப் பால் கலந்த டீயும் சாப்பாடுதான். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இட்லி போன்ற எளிய உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், பொரித்ததற்கும் கறிக்கும் 8, தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு டாக்டர் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுவே சரி.

மறந்து குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். ஏன் மறைக்கிறோம் என்பது எங்களுக்கும் தெரியும். தேதி தள்ளிப்போகும், இன்னொரு நாள் கூலி போகும், ஊரிலிருந்து வந்த அக்காவின் ரயில் டிக்கெட் வீணாகும். போகட்டும். கட்டிலருகே நின்று "ஒரு வாய்தானே, குடிச்சுக்கோ" என்று டம்ளரை நீட்டும் உறவினரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்: வேண்டாம்.

சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு ஒரு பையில் போட்டு, சில நாள் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்து இருந்தால் அதையும் சேர்த்துத்தான். பட்டினி வயிற்றில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் மயங்கி விழ நேரலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அடைப்பு வரலாம். டாக்டருக்குத் தெரியாமல் தொடர்ந்தால் ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போகலாம்.

ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அந்த அறைக்குள் எந்த இரும்பும் போகக் கூடாது. 2018 ஜனவரியில் நம் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த ஓர் இளைஞர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போய், ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் இழுத்து உயிரிழந்தார். நோயாளி அல்ல, துணைக்கு வந்தவர். நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் கோத்து வைக்கும் ஊக்குகள் ஞாபகம் இருக்கட்டும். தாலியைக் கழற்ற மனமில்லாத அம்மாக்களுக்கு ஒரு மஞ்சள் கயிற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்ற பயம் வேண்டாம். என்ன செய்யப்போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. புரியாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

இந்தியும் மராத்தியும் படித்த தம்பி தங்கைகளே, உங்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறோம். உங்கள் சாலில், உங்கள் சந்தில் யாருக்காவது தேதி கொடுத்திருந்தால் முந்தின நாள் சாயங்காலம் அரை மணி நேரம் போய் உட்காருங்கள். கேஸ் பேப்பரைப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். சொன்னதோடு எழுந்துவிடாமல், "நாளைக்குக் காலையில என்ன செய்வீங்க பாட்டி?" என்று கேளுங்கள். "எழுந்ததும் ஒரு டீ குடிச்சிட்டு..." என்று பாட்டி ஆரம்பித்தால் மறுபடியும் முதலிலிருந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குர்லா வாழ் தமிழர் சிலர்