சுயமரியாதைத் திருமணமும் 30 நாள் அறிவிப்பும்

சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த 7அ பிரிவு, தமிழ்நாட்டில் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, கீழ்வேளூரை அடுத்த கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். சட்டம் உரிமை வழங்குவதும் அவ்வுரிமை சேரியை வந்தடைவதும் ஒன்றல்ல.

சாதி மறுப்பு இணையருக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. ஆயின், அது 30 நாள் முன்னறிவிப்பைக் கோருகிறது. இணையரின் விவரங்கள் பதிவு அலுவலகத்தில் எவரும் காண ஒட்டப்படுகின்றன. பெண்ணைத் தேடி அலையும் சாதிவெறிக் கும்பலுக்கு அரசே வழிகாட்டும் ஏற்பாடு இது என்கிறோம் நாம்.

7அ பிரிவில் இவ்விடர் இல்லை. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலோ, மாலை அல்லது மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. ஊரறிய அறிவிப்பதும் கட்டாயமன்று என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவுசெய்தல் வேண்டும். வாழ்க்கைப்பொருளுதவிக்கும் வாரிசுரிமைக்கும் அச்சான்றே துணை.

ஆனால், இவ்வழி சட்டம் ‘இந்து’ எனக் கொள்ளும் இருவருக்கே. பௌத்தரும் அதில் அடங்குவர். மதச் சடங்கை மறுக்கும் இணையருள் ஒருவர் தலித் கிறித்தவராயின், மீண்டும் அதே 30 நாள்தான்.

அறிவிப்பு ஒட்டும் விதி நீக்கப்பட வேண்டும். மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்குமாறு 2018இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. அது நம் மாவட்டத்தில் இயங்குகிறதா எனக் கேட்பதிலிருந்து தொடங்குவோம்.