"நல்லா இருக்கேன்" என்பதற்கு எத்தனை மார்க்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டரையும் இப்போதெல்லாம் உட்காராமல் நடக்க முடிவதில்லை. வழியில் ஒரு பூக்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி படிவத்தோடு வந்து அவரிடம் கேட்டாள்: "ஒரு ஏணி இருக்குன்னு வச்சுக்கோங்க. அடியில 0, உச்சியில 10. உச்சிதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ரொம்ப நல்ல வாழ்க்கை. இப்ப எந்தப் படியில நிக்கிறீங்க?"

அந்த அம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஞ்சு போட்டுக்கம்மா" என்றார். பெண் போனதும் என்னிடம் சொன்னார்: "எட்டுன்னா கண்ணு படும் சார். மூணுன்னா அண்ணாமலையாரையே குறை சொன்ன மாதிரி ஆயிடும்."

இத்தனை வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு அது புதுக் கணக்கு. அந்த அஞ்சில் பாதி பயம், பாதி பக்தி.

இந்த ஏணிக் கேள்வி ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் எழுதிய நூலில் வந்தது. ஆண்டுதோறும் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசைக்கு இதுதான் அடிப்படை. பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் கேட்டு, மூன்று ஆண்டு சராசரி எடுக்கிறார்கள். 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியா 118-ஆவது இடம். பின்லாந்து தொடர்ந்து எட்டாவது முறையாக முதலிடம். உடனே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இது சதி" என்று ஒரு கட்சி, "நாடே உருப்படாது" என்று ஒரு கட்சி. ஏணிக் கேள்வியில் மகிழ்ச்சி என்ற சொல்லே கிடையாது என்பதை இரண்டு கட்சியும் கவனிக்கவில்லை.

கேள்வியின் வரிசை மாறினாலே பதில் மாறும். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் முதலில் மகிழ்ச்சியைப் பற்றியும் பிறகு காதல் சந்திப்புகளைப் பற்றியும் கேட்டார்கள். இரண்டு பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. வரிசையை மாற்றிக் கேட்டதும் நெருங்கிய சம்பந்தம் வந்துவிட்டது!

அதற்காக எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. கொல்கத்தாவில் குடிசைவாசிகள், நடைபாதைவாசிகள், பாலியல் தொழிலாளிகள் என 83 பேரிடம் நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. மொத்த வாழ்க்கைக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே. ஆனால் குடும்பம், நட்பு என்று தனித்தனியாகக் கேட்டபோது பதில்கள் திருப்தியின் பக்கம் சாய்ந்தன. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்டால் மனிதர் தெரிவார். இதுதான் என் கட்சி.

அதே 2025 அறிக்கை இன்னொரு கேள்வியையும் எடுத்துப் பேசுகிறது: யாரோடு சாப்பிட்டீர்கள்? 2023-இல் அமெரிக்கர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முந்தைய நாளின் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டிருக்கிறார். 2003-ஐ விட இது 53 சதவீதம் அதிகம். இதற்குக் கண் திருஷ்டி பயம் தேவையில்லை. எண்ணிச் சொல்லிவிடலாம்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் டீச்சரம்மா போன பிறகு, வெளியூரில் இருக்கும் மகன் தினமும் போனில் "எப்படிப்பா இருக்கீங்க?" என்பான். "நல்லா இருக்கேன்" என்பேன். ஒருநாள் பேத்தி போனை வாங்கி, "தாத்தா, நேத்து நைட்டு என்ன சாப்பிட்ட? யாரோட சாப்பிட்ட?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரமே மகன் வந்து நின்றான்.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டே பேச்சைத் தொடங்கிய ஊர் நம்முடையது. கமெண்ட்டில் "அருமை சார்" போடும் முன், தனியாக இருக்கும் ஒருவருக்கு இன்று போன் பண்ணுங்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்காதீர்கள். யாரோடு சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்
திருவண்ணாமலை