தட்டைத் தள்ளுவது பிடிவாதமா?

1944 நவம்பர். போரில் சிக்கிய ஐரோப்பா பசியால் வாடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து அரங்கத்துக்கு அடியில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு 36 இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். மனச்சாட்சி இடம் கொடுக்காததால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். பட்டினியில் நலிந்த மக்களை எப்படி மீட்பது என்று கண்டறியத் தங்கள் உடலைக் கொடுக்க முன்வந்திருந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே உடலியல் அறிஞர் அன்செல் கீஸ் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். சில வாரங்கள் வழக்கமான சாப்பாடு. அதன் பிறகு ஆறு மாதம் அரை வயிறுதான். எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கரைந்தது.

கரைந்தது எடை மட்டும் என்றால் அந்த ஆய்வை இன்று யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். அந்த இளைஞர்கள் பொழுது விடிந்து பொழுது போகும்வரை சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போலப் படித்தார்கள். கொஞ்சம் உணவை வைத்துக்கொண்டு நெடுநேரம் அளைந்தார்கள், தட்டை நக்கினார்கள். சிரிப்பும் சிநேகிதமும் காதலும் அவர்களை விட்டுப் போயின. எரிச்சலும் சோர்வும் வந்து உட்கார்ந்துகொண்டன. சாப்பாடு மீண்டும் கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. வயிறு முட்டிய பிறகும் பசி அடங்கவில்லை. மூன்று பேர் பிற்பாடு பழைய தொழிலை விட்டுச் சமையல்காரர்களாகவே ஆனார்கள்.

அவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை. குண்டு என்று யாரும் கேலி செய்யவில்லை. வெறும் பட்டினியே திடமான மனங்களை அப்படிக் குலைத்துப்போட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் போடுகிறாள், ஒரு வாய் உண்பதில்லை. கைப்பேசியில் ஓயாமல் சமையல் காணொளி பார்க்கிறாள். மே மாத வெயிலிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறாள். ஒரு சொல் கேட்டால் எரிந்து விழுகிறாள். நாம் என்ன சொல்கிறோம்? ‘திமிர்’ என்கிறோம், ‘பிடிவாதம்’ என்கிறோம், ‘ரெண்டு நாள் பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடுவாள்’ என்கிறோம். மினசோட்டாவின் 36 பேரை அறிந்தவர்கள் இந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லத் துணிய மாட்டார்கள். அவளுடைய குணமாக நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு பட்டினி செய்யும் வேலை. அவளுக்கு வந்திருப்பது அனோரெக்ஸியா என்னும் உண்ணுதல் கோளாறாக இருக்கலாம். பட்டினி அந்த நோயின் விளைவு மட்டுமல்ல, நோயை எரியவிடும் எண்ணெயும் அதுவே.

அப்படியானால் டயட் இருக்கும் எல்லோருக்கும் இந்த நோய் வர வேண்டுமே? வருவதில்லை. காய்ந்த வைக்கோல் போரில் விழும் பொறியும் ஈர மண்ணில் விழும் பொறியும் ஒன்றல்ல. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், அனோரெக்ஸியா வரும் வாய்ப்பில் பாதியளவுக்கு மரபணுவின் பங்கு இருக்கிறது என்று காட்டியிருக்கின்றன. 2019இல் சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியான பன்னாட்டு ஆய்வு, இந்த நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டது. மனநோய்களோடு மட்டுமின்றி, உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தோடும் அந்த மரபுக்கூறுகளுக்கு உறவு இருந்தது. இதோடு பிறவிச் சுபாவமும் சேர்கிறது. எதிலும் பிழை வரக் கூடாது என்று தன்னையே வாட்டிக்கொள்ளும் பிள்ளை, சின்னச் சின்னதுக்கும் பதறும் பிள்ளை. ‘எங்க பொண்ணுகிட்ட ஒரு குறை சொல்ல முடியாது’ என்று நாம் பெருமைப்படும் அதே பிள்ளை.

பொறி எங்கிருந்தும் வரலாம். வயதுக்கு வந்து உடல் மாறும் பருவம், விடுதி வாழ்க்கை, ஒரு சாவு, ஒரு பிரிவு, விளையாட்டுப் பயிற்சியாளரின் ஒரு சொல். காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளையைப் பார்த்து ‘இளைச்சு நல்லா இருக்கியே’ என்று அன்போடு சொல்வதும் பொறிதான். நம் கல்யாண மண்டபங்களில் நலம் விசாரிப்பதே உடலைப் பற்றித்தான் தொடங்குகிறது: ‘ஒரு சுத்துப் பெருத்துட்டியே!’

பொறி பரவும் வேகத்துக்கு ஃபிஜித் தீவுகள் சாட்சி. நல்ல சதைப்பிடிப்பான உடலை அழகாகவும் குடும்பத்தின் அக்கறைக்கு அடையாளமாகவும் கண்ட சமூகம் அது. அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அந்த ஆண்டிலும் 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடத்தினார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாக முதல் முறை ஒருவரும் சொல்லவில்லை. மூன்றே ஆண்டுகளில் 11 சதவீதத்தினர் சொன்னார்கள். அன்று அது கூடத்தில் இருந்த ஒரு பெட்டி. இன்று தலையணைக்கு அடியில் கிடக்கும் கைப்பேசி. பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அதன் தாய் நிறுவனமே உள்ளுக்குள் கண்டறிந்திருந்தது 2021இல் வெளிச்சத்துக்கு வந்தது. நிறுவனங்களைச் சட்டத்தால் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால், ஒல்லி மோகம் மட்டுமே காரணம் என்று நினைத்தால் நம் ஊரில் பல நோயாளிகளைத் தவறவிடுவோம். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990களில் கண்ட நோயாளிகளில் பலருக்குக் குண்டாகிவிடும் பயமே இல்லை. வயிறு உப்பிக்கிடக்கிறது, பசிக்கவில்லை என்றார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் 1995இல் அத்தகைய இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். தமிழ் வீடுகளில் கேட்கும் பேச்சும் இதுதான்: ‘பசிக்கல, குமட்டுது, சாப்பிட்டா நெஞ்சுலயே நிக்குது.’ எனவே பயணம் வயிற்று மருத்துவரிடம் தொடங்குகிறது. எண்டோஸ்கோப்பி, அல்சர் மாத்திரை, சத்து டானிக், அதற்கும் மசியாவிட்டால் மந்திரிப்பு. மாதவிலக்கு நின்று, முடி கொட்டி, மயங்கி விழுந்த பிறகே மனநல மருத்துவரின் பெயர் காதில் விழுகிறது. விரதம் என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்பாரும் இல்லை.

உடல் மெலியாமலும் உண்ணுதல் கோளாறு இருக்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். அளவின்றி உண்டு, பின் அதை வெளியேற்றித் தவிக்கும் புலிமியா நோயாளிகள் பெரும்பாலும் பார்க்கச் சாதாரண எடையில்தான் இருப்பார்கள். ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. ஜிம்மில் செதுக்கும் உடலின் பின்னாலும் இந்த நோய் ஒளிந்திருக்க இடமுண்டு. மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றுள் அனோரெக்ஸியாவும் ஒன்று. அந்தச் சாவுகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

குற்றவாளி யார் என்று தேடினால் முதலில் மாட்டுபவள் தாய். மேற்கிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. குடும்பத்தின் அமைப்பே நோயை உண்டாக்குகிறது என்று 1970களில் பேர்பெற்ற மருத்துவர்கள் எழுதினார்கள். 2010இல் உண்ணுதல் கோளாறுகளுக்கான பன்னாட்டு மருத்துவ அமைப்பு, குடும்பமே முதற்காரணம் என்ற அந்தக் கருத்தை வெளிப்படையாக நிராகரித்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான சிகிச்சை அந்தக் கருத்தை நேரெதிராகத் திருப்பிப்போட்டது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்குப் பதிலாக, வேளைக்கு வேளை பக்கத்தில் உட்கார்ந்து உண்ணவைக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தது. வளரிளம் பருவத்து அனோரெக்ஸியாவுக்கு இதுவரை வலுவான சான்று உள்ள சிகிச்சை இதுதான். ஏன் வந்தது என்ற ஆராய்ச்சி பிறகு நடக்கட்டும். பட்டினி கிடக்கும் மூளையால் ஆலோசனையை ஏற்றுக்கொள்ள முடியாது. மிகவும் நலிந்த பிள்ளைக்கு மட்டும் வீட்டில் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்துவிடக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நிற்கும் ஆபத்து உண்டு. அதை மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டுத் தட்டில் சோறு தொடர்ந்து மிஞ்சினால், சாப்பிட்ட கையோடு பிள்ளை தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டால், தளர்ந்த உடைக்குள் உடல் ஒளிந்தால், திட்டாதீர்கள், காத்திருக்கவும் வேண்டாம். எடையைப் பற்றிப் பேசாமல், ‘உன்னைப் பார்க்கக் கவலையா இருக்கு, சேர்ந்து டாக்டரைப் பார்ப்போம்’ என்று சொல்லி அழைத்துப் போங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.