பொருளைச் சுற்றி வந்து வரையலாம்

மேசைமேல் ஒரு மைலோ டின் இருக்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்பதை வரையும்படி எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் சொன்னால், முதலில் ஒரு வட்டம் வரைவாள். பிறகு, வட்டத்தின் கீழே டின்னின் உடலையும் வரைந்து, பச்சை வண்ணமும் தீட்டிவிடுவாள். “இவளுக்கு வரையத் தெரியவில்லை” என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால், அவள் டின்னைப் பற்றித் தனக்குத் தெரிந்த அனைத்தையும் வரைந்திருக்கிறாள். தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, ஓரிடத்தில் நின்று காண்பதை மட்டும் வரைவதற்குப் பயிற்சி வேண்டும்.

மலேசிய மாணவர்களுக்கு இப்பயிற்சி மூன்றாம் படிவக் கணிதத்தில் முறையாக வருகிறது. ஒரு திண்மப் பொருளின் மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் ஆகியவற்றை அளவு பிசகாமல் வரைய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த கோடு, மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டுவிட்டுப் போடும் கோடு, துணைக்கோட்டுக்கு மெல்லிய கோடு என்று விதிகள் உண்டு. விதிகளில் குறையில்லை, கற்பிக்கும் வரிசையில்தான் குறை. பல வகுப்புகளில் பொருளே இருப்பதில்லை. வெண்பலகையில் பொருளின் படம் இருக்கும். அதன் அருகிலேயே விடையும் இருக்கும். மாணவர்கள் அளவுகோலை வைத்து அதை அப்படியே படியெடுக்கிறார்கள். தேர்வில் அதே பொருளைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டால், பென்சில் நின்றுவிடுகிறது.

பொருள் முதலில் கைக்கு வர வேண்டும். அளவுகோல் பிறகு வரலாம். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரே அளவுள்ள எட்டுக் கனச்சதுரக் கட்டைகள் போதும். கீழே நான்கு, மேலே நான்கு என்று அடுக்கினால், எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தாலும் நான்கு சிறு சதுரங்கள் கொண்ட ஒரு பெரிய சதுரமே வரும். இப்போது மேலடுக்கில் எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கட்டைகளை எடுத்துவிடுங்கள். மீதி ஆறே கட்டைகள். ஆயினும், தாளில் வரைந்தால் மூன்று தோற்றங்களும் மாறுவதில்லை! இதை நம்ப முடியாமல் மாணவர்கள் குனிந்தும் எழுந்தும் பார்ப்பார்கள். மூன்று படங்கள் கையில் இருந்தாலும் பொருளை முழுமையாக அறிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்பது அப்போது விளங்கும். விதிகளை மனப்பாடம் செய்பவருக்கு இப்படியொரு சந்தேகமே எழாது.

கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தை அறியாத மாணவர் இல்லை. 452 மீட்டர் உயரமுள்ள அதை அண்ணாந்து பார்த்தவர்கள், அதன் வடிவத்தை ஓரளவாவது வரைந்துவிடுவார்கள். ஒரு தளத்தை மட்டும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொன்னால்? ஒரு சதுரத்தின்மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் கிடைக்கும் எட்டுமுனை நட்சத்திரமும், அதன் முனைகளுக்கு இடையே வட்டப் பகுதிகளும் சேர்ந்ததே அதன் அமைப்பு. தெருவில் நிற்பவர் கண்ணுக்கு இந்த நட்சத்திரம் தெரியாது. கட்டியவர்களுக்கோ அது இல்லாமல் ஒரு தூணைக்கூட நிறுத்தியிருக்க முடியாது.

“இதெல்லாம் சிலருக்குப் பிறவியிலேயே வரும், மற்றவர்களுக்கு மண்டையில் ஏறாது” என்று சொல்வோர் உண்டு. மாணவரின் ஊக்கத்தைக் கெடுக்க இந்த ஒரு வாக்கியமே போதும். அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ஷெரில் சோர்பி, மாணவராக இருந்தபோது பொறியியல் வரைபடப் பாடத்தில் தடுமாறியவர். 1993-ஆம் ஆண்டு மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பொருள்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் சோதனையில் குறைந்த புள்ளிகள் பெற்ற முதலாண்டு மாணவர்களுக்கென அவர் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். கையால் வரைவது அதில் முக்கிய இடம் பெற்றது. பயிற்சி பெற்றவர்கள் அச்சோதனையில் மட்டுமன்றி, பின்னர் வந்த பாடங்களிலும் முன்னேறினார்கள்.

நேரம் போதவில்லை என்பது ஆசிரியர்களின் நியாயமான குறை. ஆனாலும், ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். மேசை நடுவே ஒரு பொருளை வைத்து, நான்கு மாணவர்கள் நான்கு பக்கமும் அமரட்டும். ஒவ்வொருவரும் தமக்குத் தெரியும் பக்கத்தை வரைந்த பிறகு, எதிரே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஊகித்து வரையட்டும். விடை சரியா என்று ஆசிரியரைக் கேட்க வேண்டியதில்லை. எழுந்துபோய் எதிர் நாற்காலியில் அமர்ந்தால் தெரிந்துவிடும்.