கடன் வாங்கும் முன் கணக்குப் படி!

செஞ்சிக் கோட்டை உலகப் புகழ் பெற்றுவிட்டது. 2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான்.

கோட்டையைப் பார்க்க வெளியூரார் வருகிறார்கள். அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

மூட்டையும் மிட்டாயும்

செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை விளைகிறது. அதை மூட்டையாக விற்றால் ஒரு விலை. வறுத்து, வெல்லப்பாகில் போட்டு, மிட்டாயாக விற்றால் வேறு விலை. வெல்லம் எவ்வளவு? கூலி எவ்வளவு? விற்காமல் நின்றது எவ்வளவு? இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்திலேயே போட வேண்டும்.

நாயுடு செய்தது

கோவை ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ்சுடன் தொழில் தொடங்கினார். பெரிய முதலாளி ஆனார். "படிக்காமலே ஜெயித்தாரே!" என்பார்கள். ஆனால், அவரே பின்னாளில் தொழிற்கல்விக்கூடம் அமைக்கப் பாடுபட்டார். ஏன்? எல்லோரும் நாயுடு ஆக முடியாது. மற்றவர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

நூறு ரூபாய்ப் பாடம்

முதல் தலைமுறைத் தொழில் முனைவோருக்கு மானியத்துடன் கடன் கிடைக்க அரசுத் திட்டம் உண்டு. நல்லதுதான். ஆனால், கடன் வாங்கத் தெரிந்தால் போதுமா? திருப்பிக் கட்டத் தெரிய வேண்டாமா?

ஞாயிறுதோறும் கோட்டை அடிவாரத்தில் மாணவர்கள் ஒரு சிறு கடை போடட்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்று கணக்குப் பார்க்கட்டும். அங்கே நூறு ரூபாய் நட்டமானால், அது பாடம். தெரியாமல் கடன் வாங்கி நட்டப்பட்டால், வீடே போய்விடும்!